பேபி பெல் கம்பெனிகளும் லாபியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க டெலிகாம் பற்றி நண்பர்களிடம் பேச்சு வந்தால் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஏடி அண்ட் டியை ஏன் உடைத்தார்கள், உடைந்த கம்பெனி எப்படி மறுபடி பில் அனுப்புகிறது, போன் கம்பெனி டிவி தர ஏன் இத்தனை வருஷம் ஆயிற்று, லாபி (சட்டத்தையும் விதியையும் தங்களுக்குச் சாதகமாக்க அரசிடம் ஆள் வைத்துப் பேசுவது) என்பது லஞ்சத்துக்கு மரியாதையான பெயரா, இப்படி. ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. பேபி பெல் என்பது ஒரு கம்பெனியா?

இல்லை, ஏழு கம்பெனிகளுக்குச் சேர்த்து வைத்த செல்லப் பெயர். 1984க்கு முன்பு அமெரிக்காவின் பெரும்பாலான வீடுகளுக்கு போன் கொடுத்தது ஏடி அண்ட் டி. லோக்கல் லைன், வெளியூர் அழைப்பு (நம் ஊர் எஸ்டிடி மாதிரி), போன் கருவி தயாரிப்பு, ஆராய்ச்சிக்கூடம் எல்லாமே அதனிடம்தான். சுமார் பத்து லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். 1974 நவம்பரில் அரசின் நீதித்துறை (நீதிமன்றம் அல்ல, அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் துறை) ஏகபோகத் தடைச் சட்டத்தில் வழக்குப் போட்டது. 1982 ஜனவரியில் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. 1984 ஜனவரி 1 முதல் பிரிவினை நடைமுறைக்கு வந்தது.

வெளியூர் அழைப்பும் தொழிற்சாலைகளும் ஏடி அண்ட் டியிடம் இருந்தன. லோக்கல் லைன்கள் மட்டும் பிரிந்து ஏழு வட்டாரக் கம்பெனிகளாயின: அமெரிடெக், பெல் அட்லாண்டிக், பெல்சவுத், நைனெக்ஸ், பசிபிக் டெலிசிஸ், சவுத்வெஸ்டர்ன் பெல், யுஎஸ் வெஸ்ட். இந்த ஏழும்தான் பேபி பெல். பெயரில்தான் குழந்தை. ஒவ்வொன்றும் தன் வட்டாரத்தில் ஏகபோகம்.

2. அவர்கள் எதற்குள் போகக் கூடாது என்று தடை இருந்தது?

மூன்று பெரிய தடைகள். முதலாவது வெளியூர் அழைப்பு. நாட்டை நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட அழைப்பு வட்டங்களாகப் பிரித்து, வட்டத்துக்குள் பேபி பெல் பேச வைக்கலாம், வட்டத்தைத் தாண்டினால் அழைப்பை வேறு கம்பெனியிடம் கொடுத்துவிட வேண்டும் என்று வைத்தார்கள். இரண்டாவது, போன் கருவிகளைத் தயாரிப்பது. விற்கலாம், தயாரிக்கக் கூடாது. மூன்றாவது, தகவல் சேவை. லைன் வழியாகச் செய்தி, விளம்பரம், தரவுத்தளம் போன்ற உள்ளடக்கத்தைத் தாங்களே தருவது.

இவை போக, டெலிபோன் அல்லாத எந்தத் தொழிலுக்கும் கோர்ட்டில் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும் என்று ஒரு பொதுத் தடையும் இருந்தது. அது 1987ல் நீங்கியது. கேபிள் டிவி தடை வேறு சட்டத்தில் வந்தது. அதற்கு ஏழாவது கேள்வியைப் பாருங்கள்.

3. வியாபாரம் செய்வது அவரவர் உரிமை. எதற்குத் தடுக்க வேண்டும்?

சந்தைக்குப் போக ஒரே ஒரு தெரு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெருவின் சொந்தக்காரரே சந்தையில் கடையும் போட்டால் என்ன ஆகும்? போட்டிக் கடைக்காரரின் வண்டி வரும்போது தெருவில் பள்ளம் தோண்டி வைக்கலாம். தெருச் சுங்கத்தில் வரும் லாபத்தை எடுத்துத் தன் கடையில் விலையைக் குறைக்கலாம். ஏடி அண்ட் டி மீது எம்சிஐ போன்ற வெளியூர் அழைப்புக் கம்பெனிகள் சொன்ன புகாரின் சாரம் இதுதான்: எங்கள் அழைப்பு வீட்டுக்குள் போக உங்கள் லோக்கல் லைன் வேண்டும், அதை நீங்கள் ஒழுங்காக இணைத்துத் தருவதில்லை.

அந்த லோக்கல் லைன் இப்போது பேபி பெல்லிடம் வந்துவிட்டது. தெரு கைமாறினாலும் தெரு ஒன்றுதான். அதனால் தெருவை வைத்திருப்பவர் கடை போடக் கூடாது என்று தடை போட்டார்கள். இந்த நியாயத்தை நான் ஏற்கிறேன். ஆனால் இதற்குள்ளேயே ஒரு கேள்வியும் இருக்கிறது: இரண்டாவது தெரு போட்டுவிட்டால் தடைக்கு என்ன வேலை? லாபி யுத்தம் முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது. இரண்டாவது தெரு வந்துவிட்டது என்றார்கள் ஒரு பக்கம். எங்கே, காட்டுங்கள் என்றார்கள் மறுபக்கம்.

4. இது நாடாளுமன்றம் போட்ட சட்டமா, கோர்ட் உத்தரவா?

தொடக்கத்தில் கோர்ட் உத்தரவு. வாஷிங்டன் மாவட்ட நீதிமன்ற நீதிபதி ஹரால்ட் கிரீன் 1982 ஆகஸ்டில் சமரசத்துக்குச் சில மாற்றங்களோடு ஒப்புதல் தந்தார். யெல்லோ பேஜஸ் வருமானம் ஏடி அண்ட் டிக்குப் போகாமல் பேபி பெல்களுக்குக் கிடைத்ததே அவர் செய்த மாற்றத்தால்தான். அதன் பிறகு 1996 வரை தடையை எங்கே தளர்த்தலாம், எங்கே கூடாது என்பதெல்லாம் அவர் மேஜைக்குத்தான் வந்தது. தேர்தலில் நிற்காத ஒரே மனிதர் நாட்டின் டெலிபோன் கொள்கையை நடத்துகிறார் என்பது கம்பெனிகளின் நிரந்தரப் புலம்பல்.

புலம்பலில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் வாசல் அடைத்தே கிடந்தது என்று சொல்ல முடியாது. ஒரு சந்தைக்குள் நுழைய விரும்பும் கம்பெனி, தன் ஏகபோக பலத்தால் அங்கே போட்டியைக் கெடுக்கக் கூடிய வாய்ப்பு பெரிதாக இல்லை என்று காட்டினால் விலக்கு பெறலாம் என்று உத்தரவிலேயே வழி இருந்தது. விலக்கு கேட்டு மனுக்கள் குவிந்தன, பல கிடைக்கவும் செய்தன.

5. லாபி, லாபி என்கிறார்களே, உட்கார்ந்து என்னதான் செய்வார்கள்?

முதலில், முடிவெடுக்கும் இடத்தை மாற்றப் பார்ப்பார்கள். கோர்ட்டில் நடக்கவில்லை என்றால் ஆணையத்துக்கு, அங்கும் இல்லை என்றால் நாடாளுமன்றத்துக்கு. 1986ல் செனட்டர் பாப் டோல் ஒரு மசோதா கொண்டுவந்தார். தடைகளை நீக்கு என்று அது சொல்லவில்லை. அவற்றை மேற்பார்வையிடும் வேலையைக் கிரீனிடமிருந்து எடுத்துத் தகவல் தொடர்பு ஆணையத்திடம், அதாவது எஃப்சிசியிடம் கொடு என்றது. எஃப்சிசி தங்களிடம் மென்மையாக இருக்கும் என்பது கம்பெனிகளின் கணக்கு. மசோதா தேறவில்லை. ஆனால் அடுத்த பத்து வருஷத்து ஆட்டம் எப்படிப் போகும் என்பதை அது காட்டிவிட்டது.

அடுத்தது ஆள். மேலிடத்தில் வேலை பார்த்து எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடியவர்களைச் சேர்த்துக்கொள்வது. துணை அதிபர் அல் கோரிடம் வேலை பார்த்து, கிளிண்டன் வெள்ளை மாளிகையில் துணைத் தலைமை அதிகாரியாக இருந்த ராய் நீல், அங்கிருந்து நேரே அமெரிக்க டெலிபோன் சங்கத்தின் தலைவராகப் போனார். எதிர்த்தரப்பும் சளைத்ததில்லை. வெளியூர் அழைப்புக் கம்பெனிகளின் கூட்டணி, செனட்டின் முன்னாள் பெரும்பான்மைத் தலைவர் ஹோவர்ட் பேக்கரை வைத்துக்கொண்டது.

மூன்றாவது, உறுப்பினர்களின் தேர்தல் நிதிக்கு நன்கொடை. நான்காவது, ஊர்மக்கள் தாமாகக் கொதித்தெழுந்த மாதிரி ஒரு தோற்றம். 1995 கோடையில், பின்னால் 1996 டெலிகாம் சட்டமாக முடிந்த மசோதாவை எதிர்த்து உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கு மூட்டை மூட்டையாகத் தந்திகள் வந்தன. விசாரித்தால், கீழே பெயர் இருந்தவர்கள் பலருக்கு அப்படி ஒன்று போனதே தெரியவில்லை. இது வெளியூர் அழைப்புத் தரப்பின் வேலை. பேபி பெல்தான் வில்லன், மற்றவர்கள் எல்லாம் அப்பாவிகள் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இதைவிட எனக்குச் சுவாரசியமாகப் படுவது மாநில அளவில் நடந்தது. "கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்துங்கள், பதிலுக்கு வீட்டுக்கு வீடு அதிவேக லைன் போடுகிறோம்" என்று பேரம். நியூஜெர்சியில் 1993ல் ஒப்புதல் பெற்ற திட்டத்தில், 2010க்குள் மாநிலம் முழுக்க நொடிக்கு 45 மெகாபிட் என்று வாக்குறுதி. தளர்வு உடனே கிடைத்தது. 2010 வந்தபோது தெற்கு நியூஜெர்சியின் சில ஊர்களில் செம்புக் கம்பிதான் இருந்தது.

6. இவர்களை எதிர்த்தது யார்? மக்களா?

நுகர்வோர் அமைப்புகள் எதிர்த்தன, ஆனால் முன்வரிசையில் நின்றது வேறு முதலாளிகள். வெளியூர் அழைப்புச் சந்தையைக் காக்க ஏடி அண்ட் டி, எம்சிஐ, ஸ்பிரிண்ட். கேபிள் சந்தையைக் காக்கக் கேபிள் கம்பெனிகள். திருட்டு எச்சரிக்கை மணி பொருத்தும் சிறு கம்பெனிகள்கூடத் தனியாக ஒரு படை வைத்திருந்தன. வீண் போகவில்லை. 1996 சட்டத்தில் அவர்களுக்கென்றே ஒரு பிரிவு வந்து, பெரும்பாலான பேபி பெல்கள் ஐந்து வருஷம் அந்தத் தொழிலுக்குள் வர முடியாமல் போயிற்று.

பத்திரிகைகளை மறக்கக் கூடாது. வரி விளம்பரங்கள், அதாவது வாடகைக்கு வீடு, பழைய கார், வேலைக்கு ஆள் தேவை ஆகியவைதான் அமெரிக்க நாளிதழ்களுக்குச் சோறு போட்டன. அவை டெலிபோன் லைனுக்குப் போய்விட்டால் கதை முடிந்தது என்று பத்திரிகை அதிபர்கள் பயந்தார்கள். பேபி பெல் தரப்பு பிரான்ஸைக் காட்டியது: அங்கே அரசு டெலிபோன் துறை மினிடெல் என்ற சின்னத் திரையை வீடுகளுக்குக் கொடுத்துத் தகவல் சேவை நடத்துகிறது, நாம் தடை போட்டுப் பின்தங்குகிறோம் என்று.

1990ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கிரீனை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. 1991 ஜூலையில் அவர் மனமில்லாமலே தகவல் சேவைத் தடையை நீக்கினார். உடனே பத்திரிகைகள் நாடாளுமன்றத்துக்கு ஓடின. தடையைச் சட்டமாகத் திரும்பக் கொண்டுவர பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜிம் கூப்பர் ஒரு மசோதா போட்டார், 1992ல் ஜாக் புரூக்ஸ் இன்னொன்று. இரண்டும் சட்டமாகவில்லை. வரி விளம்பரங்கள் பிற்பாடு போகத்தான் போயின, ஆனால் கொண்டுபோனது டெலிபோன் கம்பெனி இல்லை, இன்டர்நெட்.

7. கேபிள் டிவி தடை தனிக் கதையா? போன் கம்பெனி டிவி தந்தால் யாருக்கு நஷ்டம்?

தனிக் கதைதான். 1970ல் எஃப்சிசி போட்ட விதி, 1984 கேபிள் சட்டத்தில் சட்டமாகவே ஆயிற்று: டெலிபோன் கம்பெனி தான் போன் தரும் பகுதியிலேயே வீடியோ நிகழ்ச்சிகளும் தரக் கூடாது. ஏனென்றால், அந்தக் காலத்தில் கேபிள் கம்பெனிகள் ஒயரைக் கட்ட டெலிபோன் கம்பங்களைத்தான் நம்பியிருந்தன. கம்பத்தின் சொந்தக்காரர் போட்டிக்கு வந்தால் கம்பம் கிடைக்காது என்ற பயம். மூன்றாவது பதிலில் சொன்ன தெருதான், இங்கே கம்பமாக நிற்கிறது.

கேபிள் கம்பெனிகள் வளர்ந்து, ஊருக்கு ஊர் தாங்களே ஏகபோகமான பிறகும் தடை அப்படியே இருந்தது. வேடிக்கை என்னவென்றால், உள்ளூரில் முடியாததை பேபி பெல்கள் கடல் தாண்டிச் செய்தன. யுஎஸ் வெஸ்ட், நைனெக்ஸ் இரண்டும் பிரிட்டனில் கேபிள் டிவியும் போனும் ஒரே ஒயரில் கொடுத்துக்கொண்டிருந்தன. "அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியாது?" என்று வாஷிங்டனில் கேட்க இது நல்ல சாட்சியாயிற்று.

தடையை உடைத்தது பெல் அட்லாண்டிக்கின் வழக்கு. நிகழ்ச்சி வழங்குவதும் பேச்சுதான், எங்கள் பேச்சுரிமையை இந்தச் சட்டம் பறிக்கிறது என்று வாதிட்டது. 1993 ஆகஸ்டில் வர்ஜீனியாவில் நீதிபதி எல்லிஸ் அதை ஏற்றுத் தடையைச் செல்லாது என்றார். மற்ற பேபி பெல்களும் அதே வாதத்தோடு அவரவர் ஊர் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தன. உச்ச நீதிமன்றம் வரை போய் விசாரணையும் நடந்தது. தீர்ப்பு வருவதற்குள் 1996 சட்டம் தடையையே எடுத்துவிட்டது.

8. 1994ல் 423 ஓட்டு விழுந்த மசோதா எப்படித் தோற்றது?

தோற்கவில்லை, செனட்டில் மூச்சு நின்றது. 1994 ஜூன் 28 அன்று பிரதிநிதிகள் சபை, டெலிகாம் சந்தைகளைப் போட்டிக்குத் திறந்துவிடும் இரண்டு மசோதாக்களை நிறைவேற்றியது. ஒன்றுக்கு 423க்கு 5, இன்னொன்றுக்கு 423க்கு 4. இத்தனை ஒற்றுமையைப் பார்த்தால் எல்லாம் முடிந்தது என்றுதான் தோன்றும்.

செனட்டில் எர்னஸ்ட் ஹாலிங்ஸின் மசோதா பேபி பெல்களுக்குக் கடுமையாக இருந்தது. முதலில் உங்கள் லோக்கல் சந்தையைத் திறந்து காட்டுங்கள், அப்புறம் வெளியூர் அழைப்பு என்றது. பேபி பெல்களுக்குத் தேதி வேண்டும், இந்த நாளிலிருந்து நுழையலாம் என்று. தேர்தல் நெருங்கிய நேரம், டோல் தன் பக்கத்துத் திருத்தங்களை வைத்தார். செப்டம்பரில் ஹாலிங்ஸ் மசோதாவைக் கைவிட்டார். கெட்ட சட்டம் வருவதைவிடச் சட்டமே வராமல் இருப்பது மேல் என்று ஒரு தரப்பு முடிவெடுத்தால் போதும், எத்தனை ஓட்டு விழுந்தாலும் பயன் இல்லை. லாபி செய்பவர்களுக்குத் தடுப்பது எளிது, நிறைவேற்றுவதுதான் கஷ்டம்.

9. அப்படியானால் 1996 சட்டம் யாருக்கு வெற்றி?

1996 பிப்ரவரி 1 அன்று சபையில் 414க்கு 16, செனட்டில் 91க்கு 5 என்று நிறைவேறி, 8ஆம் தேதி கிளிண்டன் கையெழுத்திட்டார். எல்லாத் தரப்பும் தங்களுக்கே வெற்றி என்று அறிவித்தன.

பேபி பெல்களுக்குக் கிடைத்தவை: கிரீனின் உத்தரவிலிருந்து விடுதலை, கேபிள் டிவிக்கு வழி, தங்கள் வட்டாரத்துக்கு வெளியே அன்றிலிருந்தே வெளியூர் அழைப்பு. கிடைக்காதது, மிக முக்கியமானது: தங்கள் சொந்த வட்டாரத்தில் வெளியூர் அழைப்பு. அதற்கு 271ஆம் பிரிவு ஒரு பூட்டுப் போட்டது. மாநிலம் மாநிலமாக விண்ணப்பிக்க வேண்டும். 14 அம்சப் பட்டியலை நிறைவேற்றியதாக எஃப்சிசியிடம் நிரூபிக்க வேண்டும். நீதித்துறைக்கு மறுக்கும் அதிகாரம் வேண்டுமா என்று பெரிய சண்டை நடந்து, கடைசியில் அதன் கருத்துக்கு எஃப்சிசி "கணிசமான மதிப்பு" தர வேண்டும் என்ற சமரசத்தில் முடிந்தது. அப்படி ஒரு சொற்றொடரைப் பார்த்தால், அதற்குப் பின்னால் இரண்டு லாபிக் கூட்டங்கள் களைத்துப் போய் உட்கார்ந்திருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம்.

10. அந்த 14 அம்சத்தில் என்னதான் இருந்தது?

சுருக்கமாக, தெருவைத் திறந்துவிடு என்பதைப் பதினாலு விதமாகச் சொல்வது. போட்டிக் கம்பெனியின் நெட்வொர்க்கோடு இணைப்பு, வீட்டுக்குப் போகும் லைனைத் தனியாக வாடகைக்குத் தருவது, கம்பங்களிலும் குழாய்களிலும் இடம், 911 அவசர எண், டைரக்டரியில் பெயர், கம்பெனி மாறினாலும் அதே எண், கூடுதல் எண்களை அழுத்தாமல் டயல் செய்யும் வசதி, மொத்த விலையில் வாங்கி மறுவிற்பனை செய்ய அனுமதி, இப்படிப் போகும்.

எழுத்தில் எளிது. நடைமுறையில், போட்டிக் கம்பெனி ஒரு வாடிக்கையாளரைப் பிடித்தால் அந்த ஆர்டர் பேபி பெல்லின் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போக வேண்டும். அது தொலைந்தால், தாமதமானால், வாடிக்கையாளர் திட்டுவது புதுக் கம்பெனியைத்தான். முதல் விண்ணப்பங்கள் (ஓக்லஹோமா, மிச்சிகன், தெற்குக் கரோலினா, லூசியானா) வரிசையாக நிராகரிக்கப்பட்டன. முதல் அனுமதி 1999 டிசம்பரில், நியூயார்க்கில் பெல் அட்லாண்டிக்குக் கிடைத்தது. சில வாரங்களிலேயே போட்டியாளர்களின் ஆர்டர்கள் தொலைகின்றன என்று புகார் வந்து, அரசுக்கு 30 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. கடைசி அனுமதி 2003 டிசம்பரில், அரிசோனாவுக்கு. ஏறக்குறைய எட்டு வருஷம்.

11. சட்டத்தை எழுத வைத்ததே அவர்கள்தான். பிறகு ஏன் அதன் மேலேயே வழக்கு?

கிடைத்ததை வைத்துக்கொண்டு மீதியைக் கோர்ட்டில் கேட்டார்கள், அவ்வளவுதான். முன்னாள் சவுத்வெஸ்டர்ன் பெல், அப்போது எஸ்பிசி, டெக்சாஸின் விச்சிடா ஃபால்ஸ் ஊரில் வழக்குப் போட்டது. சட்டம் எங்களைப் பெயர் சொல்லி ஒதுக்குகிறது, விசாரணை இல்லாமல் தண்டனை தரும் சட்டத்தை அரசியல் சாசனம் அனுமதிக்காது என்பது வாதம். 1997 டிசம்பர் 31 அன்று நீதிபதி ஜோ கெண்டல் அதை ஏற்றார். புத்தாண்டுப் பரிசு. 1998ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது: இது தண்டனை அல்ல, எதிர்காலத்துக்கான ஒழுங்குமுறை.

பாதியைச் சபையில் வாங்கு, மீதிக்குக் கோர்ட்டுக்குப் போ, அங்கும் தோற்றால் மறுபடி சபைக்கு வா. இப்படி மறுபடி வந்ததுதான் அடுத்த கேள்வி.

12. டாசின்–டிங்கல் மசோதா என்று கேள்விப்பட்டேன். அது எதற்கு?

லூசியானாவின் பில்லி டாசின், மிச்சிகனின் ஜான் டிங்கல், ஆளுக்கு ஒரு கட்சி. 2001ல் கொண்டுவந்தார்கள். 14 அம்சம் குரல் அழைப்புக்கு இருக்கட்டும், இன்டர்நெட் தரவை வட்டம் தாண்டிக் கொண்டுபோக எங்களுக்கு அது வேண்டாம், அகலப்பட்டை (பிராட்பேண்ட்) லைன்களைப் போட்டியாளர்களுக்குத் திறந்துவிடும் கட்டாயமும் வேண்டாம் என்பது பேபி பெல்களின் ஆசை. கேபிள் கம்பெனிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லையே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, எதிர்த்தரப்பு அதற்கு உருப்படியான பதில் சொல்லிப் பார்த்ததில்லை.

2002 பிப்ரவரி 27 அன்று சபையில் 273க்கு 157 என்று நிறைவேறியது. வாஷிங்டனில் டிவியைப் போட்டால் இரண்டு தரப்பு விளம்பரமும் மாறி மாறி ஓடிய காலம் அது. செனட்டில் வணிகக் குழுவின் தலைவர் யார் தெரியுமா? எட்டாவது பதிலில் வந்த அதே ஹாலிங்ஸ். மசோதா அங்கேயே நின்றது. கேட்டதில் கணிசமான பகுதியை எஃப்சிசி பின்னர் விதிகள் மூலம் கொடுத்துவிட்டது என்பது வேறு விஷயம்.

13. உடைத்தார்கள் என்கிறீர்கள், என் போன் பில்லில் ஏடி அண்ட் டி என்றுதானே இருக்கிறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். உங்களுக்கு பில் அனுப்புவது பெயரில் ஏடி அண்ட் டி, வம்சத்தில் சவுத்வெஸ்டர்ன் பெல். அது எஸ்பிசி என்று பெயர் மாற்றி, 1997ல் பசிபிக் டெலிசிஸை, 1999ல் அமெரிடெக்கை வாங்கியது. 2005ல் தாய்க் கம்பெனியான ஏடி அண்ட் டியையே 1,600 கோடி டாலருக்கு வாங்கி, அதன் பெயரை எடுத்துச் சூட்டிக்கொண்டது. 2006 கடைசியில் பெல்சவுத்தும் உள்ளே வந்தது.

பெல் அட்லாண்டிக்கும் நைனெக்ஸும் 1997ல் இணைந்து, 2000ல் ஜிடிஇ என்ற இன்னொரு டெலிபோன் கம்பெனியையும் சேர்த்து வெரிசான் ஆயின. அது எம்சிஐயை வாங்கியது. யுஎஸ் வெஸ்ட்டை 2000ல் குவெஸ்ட் வாங்கியது, குவெஸ்ட்டை 2011ல் சென்சுரிலிங்க் வாங்கியது. பல வருஷம் எதிரெதிர் லாபிக் கூட்டங்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் கடைசியில் ஒரே சம்பளப் பட்டியலில்.

14. தடை நீங்கிய பிறகு நிஜமாகவே புதுச் சந்தைகளுக்குப் போனார்களா?

வெளியூர் அழைப்புக்குப் போனார்கள், வேகமாகப் பிடித்தார்கள். ஆனால் செல்போனும் இன்டர்நெட்டும் வந்து, வெளியூர் அழைப்பு தனியாகக் காசு தரும் பொருளாக இருந்த காலமே மங்கிவிட்டது. இருபது வருஷம் அடித்துக்கொண்ட வாசல் திறந்தபோது உள்ளே சரக்கு குறைந்திருந்தது.

போகாத இடம்தான் முக்கியம்: பக்கத்து பேபி பெல்லின் வட்டாரம். 1996 சட்டப்படி அங்கே போக எந்தத் தடையும் இல்லை, போட்டியாளருக்கு வேண்டிய உரிமைகள் எல்லாம் இருந்தன. லாபியின்போது "போட்டிக்கு எங்களை விடுங்கள்" என்று கேட்டவர்கள் அங்கே போட்டிக்குப் போகாமல், பக்கத்து வீட்டையே வாங்கிக்கொண்டார்கள். எஸ்பிசி அமெரிடெக்கை வாங்கியபோது, வட்டாரத்துக்கு வெளியே 30 நகரங்களில் லோக்கல் சேவை தொடங்க வேண்டும் என்று எஃப்சிசி நிபந்தனையே போட வேண்டியிருந்தது. அதையும் 2001லேயே சுருக்கிக்கொண்டார்கள். லாபியில் சொன்னதை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

டிவிக்கும் கடைசியில் போனார்கள். ஆனால் ஊருக்கு ஊர் நகராட்சியிடம் உரிமம் வாங்க வேண்டும் என்ற பழைய ஏற்பாடு வழியில் நின்றது. ஆயிரக்கணக்கான ஊர்களில் தனித்தனிப் பேச்சுவார்த்தை. எனவே மாநிலத் தலைநகரங்களில் லாபி: மாநிலம் முழுக்க ஒரே உரிமம் கொடுங்கள் என்று. 2005 செப்டம்பரில் டெக்சாஸ் முதலில் கொடுத்தது. அந்த மாதமே வெரிசான் அங்குள்ள கெல்லர் ஊரில் டிவி சேவையைத் தொடங்கியது. 2006ல் கலிபோர்னியாவும் அதே வழிக்கு வந்தது. நாடு முழுக்க ஒரே உரிமம் என்ற மசோதா அதே வருஷம் சபையில் 321க்கு 101 என்று நிறைவேறி, செனட்டில் நின்றுபோனது. இந்த முறை கேபிள் கம்பெனிகள்தான் "நாங்கள் ஊர் ஊராக அலைந்தோமே, இவர்களுக்கு மட்டும் சலுகையா?" என்று புலம்பின.

15. எப்படிச் சொன்னாலும் இது லஞ்சம்தானே?

பணத்தைக் கையில் கொடுத்து ஓட்டு வாங்கினால் லஞ்சம், ஜெயில். லாபி சட்டப்படி தொழில். அரசிடம் குறையைச் சொல்லி மனுக் கொடுக்கும் உரிமை அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்தில் இருக்கிறது. யார் யாருக்காக, எவ்வளவு செலவில் லாபி செய்கிறார்கள் என்று பதிவு செய்ய 1995ல் ஒரு சட்டமும் வந்தது.

அதைவிட வியப்பான விஷயம்: போட்டியாளரை ஒழிக்கும் நோக்கத்தோடு லாபி செய்தாலும் ஏகபோகத் தடைச் சட்டம் பாயாது. 1961ல் ரயில்வே கம்பெனிகள் லாரிக்காரர்களுக்கு எதிராகச் சட்டம் வரவழைக்க நடத்திய பிரச்சாரம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படித் தீர்ப்பளித்தது, 1965ல் இன்னொரு வழக்கில் உறுதி செய்தது. அதாவது இரண்டு கம்பெனிகள் அறைக்குள் உட்கார்ந்து போட்டியாளரைத் தடுக்கத் திட்டமிட்டால் குற்றம். அதையே செய்யச் சொல்லி நாடாளுமன்றத்திடம் கேட்டால் உரிமை. வெறும் பாசாங்குக்காக, போட்டியாளரைத் தொந்தரவு செய்யவே மனுப் போட்டால் மட்டும் விலக்கு கிடையாது.

16. இதே கம்பெனிகள் நகராட்சி இன்டர்நெட்டைத் தடுக்கச் சட்டம் கேட்டன என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2004ல் பிலடெல்பியா நகரம் முழுக்க வயர்லெஸ் இன்டர்நெட் தரத் திட்டமிட்டது. அந்த நவம்பரில் பென்சில்வேனியா ஒரு சட்டம் போட்டது: நகராட்சி கட்டணம் வாங்கி அகலப்பட்டை தர விரும்பினால், முதலில் உள்ளூர் டெலிபோன் கம்பெனியிடம் கேட்க வேண்டும், கம்பெனி தானே தருகிறேன் என்றால் நகராட்சி விலகிக்கொள்ள வேண்டும். வெரிசான் இதன் பின்னால் நின்றது. பிலடெல்பியாவுக்கு மட்டும் பேரம் பேசி விலக்கு கிடைத்தது.

டென்னசியில் சட்டனூகா நகரின் மின்வாரியம் வீடுகளுக்கு ஃபைபர் கொடுத்தது. பக்கத்து ஊர்களும் கேட்டன. மின்வாரியத்தின் எல்லையைத் தாண்டி இன்டர்நெட் தரக் கூடாது என்று மாநிலச் சட்டம். எல்லையை விரிக்க வந்த மசோதாக்களை ஏடி அண்ட் டி எதிர்த்தது. வரிப்பணத்தின் துணையுள்ள போட்டியாளரோடு தனியார் எப்படி மோத முடியும் என்பது அவர்கள் வாதம். ஒரு சந்தையின் பலத்தை எடுத்து இன்னொரு சந்தையில் நுழைவது அநியாயம் என்கிறார்கள். மூன்றாவது பதிலில் பேபி பெல்களைப் பற்றிச் சொன்ன அதே வாதம், ஆள் மட்டும் மாறியிருக்கிறது. 2015ல் எஃப்சிசி இந்தச் சட்டத்தையும் வடக்குக் கரோலினாவின் சட்டத்தையும் ரத்து செய்தது. 2016ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் எஃப்சிசிக்கு அந்த அதிகாரம் இல்லை என்றுவிட்டது.

17. அப்படியானால் அந்தத் தடைகள் இன்றும் இருக்கின்றனவா?

சில மாநிலங்களில் இருக்கின்றன, சிலவற்றில் எடுத்துவிட்டார்கள். கொலராடோவில் 2005ல் ஒரு சட்டம் வந்தது. நகராட்சி இன்டர்நெட் தொழிலுக்குள் வர வேண்டுமானால் முதலில் ஊரில் வாக்கெடுப்பு வைத்து ஜெயிக்க வேண்டும். அதற்காக லாபி செய்தவர்களில் குவெஸ்ட் முக்கியமானது, அதாவது பழைய யுஎஸ் வெஸ்ட், அந்த ஏழில் ஒன்று. அப்புறம் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களும் கவுண்டிகளும் வாக்கெடுப்பு வைத்து விலகிக்கொண்டன. 2023ல் மாநிலச் சபை அந்தத் தடையையே நீக்கியது. மினசோட்டா 2024ல் தன் சட்டத்தை எடுத்தது.